விபூதியால் வெளுத்த 1918 வெள்ளி ரூபாய்: வீட்டில் மீண்டும் நிறம் ஏற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்ட காசு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஒரு ரூபாய், ஆண்டு 1918. பின்பக்கத்தில் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. அதனால் பம்பாய் நாணயச்சாலை. புள்ளி இல்லையென்றால் கல்கத்தா. எடை 11.66 கிராம், விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர், 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. அந்த ஆண்டு இரண்டு நாணயச்சாலைகளிலும் கோடிக்கணக்கில் அடித்தார்கள். முதல் உலகப் போரின் வெள்ளித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் கொண்டுவந்து 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி, அதில் பெரும்பகுதியை இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றது. டோனிங், அதாவது நாளாவட்டத்தில் மேற்பரப்பில் படியும் நிறம், ஏறிய காசுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் வழக்கம் பரவக் காரணமான அமெரிக்காவின் மோர்கன் வெள்ளி டாலர்களும் அந்த உருக்கில் போனவைதான்.

காசு நன்றாகப் புழங்கியது. கிரீடத்தின் விளிம்பு மழுங்கியிருக்கிறது, தாடியின் மேடு தட்டையாகியிருக்கிறது, அங்கியில் உள்ள குட்டி யானை உற்றுப் பார்த்தால் தெரிகிறது. இந்தத் தரத்துக் காசில் இருக்க வேண்டிய நிறம், பள்ளத்தில் கருஞ்சாம்பலும் மேட்டில் வெளிர்சாம்பலும். இதிலோ பூஜைக்காக விபூதியும் புளியும் போட்டுத் தேய்த்ததில் பாத்திரம் போன்ற வெள்ளை. இந்த வெள்ளையை மறைத்து, பார்க்கச் சகிக்கும்படி பழைய சாம்பலுக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி.

நிறத்தைக் கொண்டுவரலாம். போன மேற்பரப்பைக் கொண்டுவர முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு முடிவும் இந்த இரண்டுக்கும் நடுவே எடுத்ததுதான்.

தேய்த்தது எதைக் கெடுத்தது

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைலென்ஸில், ஒற்றை பல்புக்கு அடியில் காசைச் சாய்த்துத் திருப்பினால் மன்னர் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் மின்னுகின்றன. கட்டைவிரலால் முன்னும் பின்னுமாகத் தேய்த்த தடம் அது. வெள்ளி மென்மையான உலோகம்; விபூதியில் இருக்கும் சிலிக்கா துகள்கள் அதைவிட வெகுவாகக் கடினம். புளியின் அமிலம் கருமையைத் தளர்த்திக் கொடுத்தது, சாம்பல் அறுத்தது. எழுத்துகளின் மூலைகளிலும் அங்கியின் பூவேலையிலும் விபூதி வெள்ளையாக அடைந்து கிடக்கிறது. இந்த அடைசல் அப்படியே இருக்க நிறம் ஏற்றினால், அதன் அடியில் மட்டும் நிறம் பிடிக்காது. பிறகு என்றைக்காவது அது உதிரும்போது வெள்ளைப் புள்ளியாக இளிக்கும்.

புழங்காத புதுக்காசாக இருந்திருந்தால் கதை வேறு. அச்சில் அடிபடும்போது உலோகம் வெளிப்புறமாக ஓடி நுண்ணிய வரிகளை விட்டுச் செல்லும். காசைச் சுழற்றும்போது சக்கரத்தின் ஆரம்போல ஒளி சுற்றிவருவது அந்த வரிகளால்தான். ஒரு தடவை தேய்த்தால் அவை போய்விடும். அதன்மேல் எத்தனை அழகான நீலத்தை ஏற்றினாலும் வர்ணம் அடித்த தகடாகத்தான் தெரியும். புழங்கிய காசில் அந்த வரிகள் ஏற்கெனவே தேய்ந்துபோனவை. நிறம் ஏற்றுவதில் ஏதாவது நியாயம் உண்டென்றால் அது இந்த மாதிரிக் காசுக்குத்தான்.

நிறம் எப்படி உண்டாகிறது

காற்றில் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, ஈரமும் ஆக்சிஜனும் துணையிருக்க, வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு படலமாகிறது. படலம் மிக மெல்லியதாக இருக்கும் வரை, அதன் மேல்முகத்திலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதி நிறம் காட்டும். மழை ரோட்டில் சிந்திய பெட்ரோலில் தெரியும் வானவில்லும் இதே கணக்குதான். படலம் தடிக்கத் தடிக்க நிறங்கள் ஒரே வரிசையில் வரும்: இளமஞ்சள், தேன் நிறம், செம்பழுப்பு, மெஜந்தா, கருநீலம், வெளிர்நீலம், பிறகு இரண்டாம் சுற்றில் மறுபடி மஞ்சள், மெஜந்தா, பச்சை, கடைசியில் மந்தமான சாம்பல், கருப்பு.

இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. காகித உறையில் பல ஆண்டுகள் கிடந்து இயற்கையாக நிறமேறிய காசில், விளிம்பில் படலம் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். அதனால் விளிம்பிலிருந்து உள்ளே வரும்போது நீலம், மெஜந்தா, தேன், மஞ்சள் என்று ஒழுங்காக இறங்கும். மெஜந்தாவும் நீலமும் இடையில் இல்லாமல் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே பச்சை நின்றால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

படலத்துக்கான வெள்ளி காசிலிருந்தேதான் போகிறது. அடர்த்திகளை வைத்துக் கணக்கிட்டால் 100 நானோமீட்டர் சல்ஃபைடு படலம் சுமார் 60 நானோமீட்டர் வெள்ளியைத் தின்னும். ஒரு தடவைக்கு இது ஒன்றுமில்லை. நிறம் ஏற்றுவது, பிடிக்காமல் டிப்பில் (வெள்ளியின் கருமையைக் கரைக்கும் கரைசல்) முக்கி எடுப்பது, மறுபடி ஏற்றுவது என்று போனால் நுண்விவரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் கரையும். ஆகவே முதல் ஏற்றத்திலேயே வேலை முடிகிற மாதிரி தயாரிப்பு இருக்க வேண்டும்.

தொடங்கும் முன்

காசு அசல்தானா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தால், 91.7 வெள்ளி ரூபாய் சுமார் 1.13 கிராம் குறைவாகக் காட்ட வேண்டும், ஒப்படர்த்தி 10.3 அளவில் வரும். வேறு உலோகத்தில் வார்த்த போலிகளும் முலாம் பூசியவையும் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். முலாம் காசில் கந்தகம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சில காசுகளை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. 1911ஆம் ஆண்டு ரூபாயில் அங்கியின் யானை பன்றி மாதிரி இருக்கிறதென்று ஆட்சேபம் எழுந்து அச்சை மாற்றினார்கள். அந்த ரூபாய் கிடைத்தால், தேய்த்திருந்தாலும் அப்படியே விடுங்கள். 1939 வெள்ளி ரூபாய்க்கும் இதே விதி. அரிய காசில் 'தேய்த்தது' என்ற ஒரு குறை போதும், அதன்மேல் 'செயற்கை நிறம்' என்ற இரண்டாம் குறையை ஏற்றக் கூடாது. காசுகளுக்குத் தரம் போடும் அமெரிக்க நிறுவனமான பிசிஜிஎஸ் சந்தேகத்துக்குரிய நிறத்துக்கு 91, தேய்த்த காசுக்கு 92 என்று தனித்தனிக் குறியெண் வைத்திருக்கிறது. இரண்டில் எது விழுந்தாலும் எண் தரம் கிடையாது. தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை இருப்பவர்களுக்கு இன்னொன்று: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள்; அதைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. 1918 ரூபாய் அந்த வயதைத் தாண்டிவிட்டது.

1940 முதல் 1945 வரை வந்த ரூபாய்களில் வெள்ளி பாதிதான். 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். அவை இந்த வழியில் செம்மண் பழுப்பாகத் திட்டுத்திட்டாக மாறும். சோதனைக் காசாகக்கூட அவை உதவாது. சோதனைக்கு, அதே 91.7 கலவையில் எழுத்தே தெரியாமல் தேய்ந்த ஏழாம் எட்வர்ட் கால் ரூபாய் பொருத்தம்.

கழுவல்: பாதி வேலை இதுதான்

கழுவத் தேவையானவை: இரண்டு சின்னக் கண்ணாடிக் கிண்ணம், சுத்த அசிட்டோன் 200 மில்லி, டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், பவுடர் போடாத நைட்ரைல் கையுறை. அசிட்டோன் ரசாயனக் கடையில் வாங்கியதாக இருக்கட்டும். நகப்பூச்சு அழிப்பானில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது கறையை விட்டுச்செல்லும். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்து காசில் ஒட்டும். அசிட்டோன் பற்றி எரியக்கூடியது. அடுப்பும் விளக்கும் இருக்கும் அறையில் திறக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கூடாது. அவற்றின் உப்பு வெள்ளியில் மங்கலான குளோரைடு படலத்தை உண்டாக்கும்.

முதலில் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு நாள் முழுக்க ஊறட்டும். இளகிய விபூதியை மூங்கில் பல்குத்தும் குச்சியின் முனையை நனைத்துப் பிரஷ் மாதிரி ஆக்கி, எழுத்தின் மூலையிலிருந்து மேல்நோக்கி நெம்பி எடுக்க வேண்டும். வெற்றிடத்தில் குச்சி படவே கூடாது. ஊசி, பல்துலக்கும் பிரஷ் இரண்டுக்கும் இங்கே இடமில்லை. தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவைத்து, லூப்பில் வெள்ளை தெரியாத வரை தொடரலாம். பிறகு அசிட்டோனில் பத்து நிமிடம், அதைக் கொட்டிவிட்டுப் புது அசிட்டோனில் இன்னொரு பத்து நிமிடம். வெளியே எடுத்து விளிம்பில் நிறுத்தினால் தானாகக் காயும், துடைக்க வேண்டாம்.

இரண்டாவது அசிட்டோன் எதற்கென்றால், முதல் முக்கலில் கரைந்த எண்ணெய் காசு வெளியே வரும்போது மெல்லிய படலமாகத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் இருக்கும் இடத்தில் கந்தகம் ஏறாது. நிறம் வந்த பிறகு மன்னர் கன்னத்தில் யாருடையதோ கைரேகை, கோடு கோடாக, வெள்ளையாக எழுந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்தக் கட்டத்திலிருந்து நிறம் ஏறி முடியும் வரை வெறுங்கை படக் கூடாது.

கடையில் விற்கும் வெள்ளி டிப்பில் ஏற்கெனவே முக்கிய காசு என்றால் ஊறல் இன்னும் நீள வேண்டும். அதிலுள்ள தையோயூரியா என்ற ரசாயனம் பள்ளங்களில் தங்கினால், சில மாதங்கள் கழித்து எழுத்துகளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறையாக வெளிவரும். பலர் அதை நிறமேற்றிய முறையின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முட்டை ஜாடி

கந்தகத்துக்குப் பல மூலங்கள் உண்டு. வீட்டுக்கு உகந்தது வேகவைத்த முட்டை. வாயு குறைவாக, சீராக வரும்; நிறுத்த நினைத்தால் காசை வெளியே எடுத்தால் போதும். முட்டையை 15 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கந்தகம் பெரும்பாலும் வெள்ளைக் கருவிலிருந்து வருகிறது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சைச் சாம்பலாக வளையம் தெரிந்தால் வாயு நன்றாகக் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

உரித்து இரண்டாக வெட்டி, அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள். இந்த ஆறவிடுதலில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். சூடான முட்டையை ஜாடியில் மூடினால் நீராவி காசின்மேல் துளித்துளியாகப் படியும். ஒவ்வொரு துளியும் ஒரு வட்டக் கறை. நடுவில் ஒரு நிறம், சுற்றிலும் வேறொரு நிற வளையம். சோதனைக் காசில் சூடான முட்டையை வைத்துப் பார்த்தால் தாமரையின்மேல் பொரி தூவியது போன்ற புள்ளிகளைக் காணலாம்; அவற்றைப் போக்க வேண்டுமானால் முழு நிறத்தையும் எடுத்தாக வேண்டும்.

ஒரு லிட்டர் கண்ணாடி ஊறுகாய் ஜாடி போதும். உள்ளே மிளகாய் வாசம் இல்லாமல் கழுவிக் காயவைத்தது. பாதி முட்டையை மசித்துச் சின்னக் கிண்ணத்தில் ஒரு பக்கம் வையுங்கள். ஆறேழு சென்டிமீட்டர் தள்ளி, காசை நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். ஒரு தக்கையில் கீறல் போட்டு அதில் விளிம்பை மட்டும் செருகலாம். ரப்பர் எதையும் தாங்கலாக வைக்காதீர்கள். ரப்பரிலேயே கந்தகம் இருக்கிறது, தொட்ட இடம் முதலில் கறுத்துவிடும். படுக்கவைத்தால் அடிப்பக்கம் பின்தங்கும்.

30 டிகிரி வெப்பத்தில் முதல் மஞ்சள் பத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் தெரியத் தொடங்கும். தேன் நிறமும் மெஜந்தாவும் முக்கால் மணி அளவில். முட்டைக்கு முட்டை, ஈரப்பதத்துக்கு ஈரப்பதம் இது மாறும். கடிகாரத்தை விட்டுவிட்டுக் கண்ணை நம்புங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, வெள்ளை வெளிச்சத்தில் பார்த்து, முட்டையை நோக்கிய பக்கத்தை மாற்றி வையுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் முதல் மஞ்சள் கண்ணுக்கே தெரியாது. தெரியும்போது காசு மெஜந்தாவைத் தொட்டிருக்கும்.

இங்கேதான் ஆசை குறுக்கே வரும். மெஜந்தாவும் கருநீலமும் கண்ணைப் பறிக்கும், அங்கேயே நிறுத்தத் தோன்றும். இந்த ரூபாயில் அங்கே நிறுத்தியபோது தெரிந்தது இது: ஒளிரும் நீலத்தின் அடியில் அத்தனை மயிரிழைக் கீறல்களும் முன்பைவிடத் துல்லியமாகின. மெல்லிய படலம் அடியில் உள்ள பரப்பை அப்படியே படியெடுக்கிறது. கீறலின் சரிவில் ஒளி வேறு கோணத்தில் திரும்புவதால் அந்தக் கோடு வேறு நிறத்தில் நிற்கிறது. தேய்ந்த தாடியின்மேல் பளபளக்கும் நீலம் எந்தப் பழைய ரூபாயிலும் இல்லாத காட்சி. காசு தெரிந்தவர் ஒரு பார்வையில் கீழே வைத்துவிடுவார்.

ஆகவே முதல் சுற்றின் வண்ணங்களைக் கடந்து போக வேண்டும். ஒரே மூச்சில் போகாமல், நீலத்தில் எடுத்து ஒரு நாள் காற்றாட வைத்து, புது முட்டையோடு மறுபடி உள்ளே வைப்பது நல்லது. இப்படி இரண்டு மூன்று தவணையில் காசு மந்தமான கருஞ்சாம்பலுக்கு வந்து சேர்கிறது. அவசரப்பட்டு நிறைய முட்டையை அடைத்து ஒரே இரவில் கறுக்கவைத்தால் படலம் திட்டுத்திட்டாக, விளிம்பில் கனத்து நடுவில் மெலிந்து வரும்.

முழுக்க ஒரே கருஞ்சாம்பலாக இருப்பதும் பொய்தான். புழக்கத்தில் மேடுகள் விரலில் உரசி வெளுத்திருக்கும். அதைக் கொண்டுவர, சுத்தமாகக் கழுவிக் காய்ந்த விரல்நுனியால் கன்னம், கிரீடத்தின் மேல்வளைவு, தாமரையின் இதழ் மேடு ஆகியவற்றை மட்டும், எல்லாத் திசையிலும் சின்னச் சுழற்சியாக, அழுத்தாமல் நீவ வேண்டும். துணியும் சமையல் சோடாவும் எடுத்தால் புதுக்கீறல்கள் சேரும். நீவி முடித்ததும் ஒருமுறை அசிட்டோனில் முக்கி எடுப்பது கட்டாயம். விரலின் வியர்வை உப்பு படலத்தை அரிக்கும். இந்த நீவலுக்குப் பிறகு காசு முதல் தடவையாக ரூபாய் மாதிரி தெரிந்தது: எழுத்துகளின் அடியில் கருமை நின்றது, மன்னர் முகத்தின் வரைகோடு எழும்பியது, முகத்துக்கு முன்னால் உள்ள கீறல்கள் கைத்தூரத்தில் மறைந்தன. லூப்பில் அவை அப்படியே இருக்கின்றன, இருக்கவும் செய்யும்.

மற்ற வழிகள்

நகைப் பட்டறையில் 'ஆன்ட்டிக் பாலிஷ்' போடப் பயன்படும் லிவர் ஆஃப் சல்ஃபர், அதாவது பொட்டாசியம் பாலிசல்ஃபைடு, வேகமானது. நகைக்குப் போடும் அளவில் காசை முக்கினால் சில நொடிகளில் கறுக்கும். தடித்த படலம் பிடிப்பில்லாமல் பொருக்காக உதிரும். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் மிளகு அளவு துண்டை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒரு நொடி முக்கி, உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலச வேண்டும். அமிலம் எதுவும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர் பட்டாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பெருகிக் கிளம்பும். அளவு மிஞ்சும்போது அந்த வாயு மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நம்பி நிற்பவர்தான் விழுவார். கந்தகப் பொடியைச் சூடாக்குவதும் அம்மோனியம் சல்ஃபைடும் வீட்டு வேலையே அல்ல.

பிளீச்சிங் கரைசல் ஊதா கலந்த திட்டுகளைத் தரும், அது குளோரைடு. வெளிச்சம் பட்டு மேலும் மாறிக்கொண்டே போகும். அடுப்பில் வாட்டினால் கலவையில் உள்ள செம்பு ஆக்சைடாகிக் காசு முழுக்கச் செம்மை ஓடும். இரண்டையும் எந்தக் காசுக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

பொறுமை இருப்பவர்களுக்கு முட்டையைவிட நல்ல வழி பழுப்புக் காகித உறை. கந்தகம் உள்ள மட்டமான காகிதமே இங்கே வேண்டும். கழுவிய காசை உறையில் போட்டு, வெப்பமும் ஓரளவு ஈரமும் உள்ள அலமாரியில் மாதக்கணக்கில் விட்டு, மாதம் ஒருமுறை திருப்பிவைத்தால், நிறம் விளிம்பிலிருந்து மெதுவாக இறங்கும். கடற்கரை ஊர்களில் மட்டும் உப்புக்காற்று கலந்து புள்ளி விழலாம்.

பிடிக்கவில்லை என்றால்

அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் என்ற வழி சல்ஃபைடை மறுபடி வெள்ளியாக்கும். உலோகம் போகாது. ஆனால் திரும்பிவரும் வெள்ளி நுண்துளையுள்ள, மங்கிய தூளாகத்தான் படியும். டிப்பில் முக்கினால் பளபளப்பு கொஞ்சம் தங்கும், படலத்தில் இருந்த வெள்ளி கரைந்து போய்விடும். இந்த ரூபாயில் சோதனைக் காசு முன்னால் போனதால் திரும்பிப் போக வேண்டி வரவில்லை.

வைப்பும் விற்பனையும்

நிறுத்தியதும் காசு சில நாள் முட்டை வாசம் வீசும். அது போகும் வரை மூடிய உறையில் வைக்க வேண்டாம். பிறகு பிவிசி இல்லாத மைலார் உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். மிருதுவான, வாசமடிக்கும் பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினை விடும். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், கம்பளி மூன்றும் தூரத்தில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து எழுத்து மூலைகளை லூப்பில் பாருங்கள். செம்பழுப்புக் கசிவு தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊறலும் அசிட்டோனும் மட்டும் ஒருமுறை கொடுக்கலாம்; சல்ஃபைடு படலம் அசிட்டோனில் அசையாது. வாங்கும் இடத்திலும் இது உதவும்: பஞ்சில் அசிட்டோன் தொட்டு விளிம்பில் ஒற்றும்போது நிறம் பஞ்சில் ஏறினால் அது சாயம் அல்லது மை.

உறையின் அட்டையில் '1918 பம்பாய், தேய்த்துக் கழுவியது, வீட்டில் நிறமேற்றியது' என்று எழுதி, மாதமும் ஆண்டும் போட வேண்டும். விற்கும்போது அந்த அட்டை காசோடு போக வேண்டும். விலையும் தேய்த்த காசின் விலைதான். அட்டையைக் கழற்றிவிட்டு விற்பது மோசடி. அடுத்து வாங்குகிறவர் அந்தச் சாம்பலை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்.